மூன்றாம் நாள் பார்வை

என் வீட்டுக்காரரின் சட்டையில் சாம்பிராணி வாசம் வந்த அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. ஸ்பிரிட் வாசம் என்றால் பழகிப்போனது. பிள்ளைகள் வாந்தி எடுத்த வாசமும் பழகிப்போனதுதான். அவர் பிள்ளைகள் டாக்டர். மலாக்காவில் காஜா பேராங் சடக்கில், ரோட்டோரமாக ஒரு கடைவீட்டை எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி, பூஜை என்றால் நாலு அடி தள்ளி நிற்கிற மனிதர். அவர் சட்டையில் சாம்பிராணி மணந்தால் கட்டினவள் சும்மா இருப்பாளா?

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்றேன்.

"கிளினிக்குலேர்ந்துதான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த எங்கள் மகன் அவர் காலைக் கட்டிக்கொள்ளத் தத்தித் தத்தி ஓடினான். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "அவனைப் பிடி! கிட்ட வர விடாதே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிள்ளை பயந்து அழுதது. நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டையை எடுத்து மறுபடியும் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, சாம்பிராணிதான்.

அது காய்ச்சல் வருஷம். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அதற்கு முன்னாலேயே காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. கப்பலில் வந்தது என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்தது என்றார்கள். போகிற வெள்ளைக்காரன் சும்மா போவானா, எதையாவது விட்டுவிட்டுத்தான் போவான் என்று பசாரில் ஒருத்தர் அடித்துச் சொன்னார். பக்கத்து வீட்டில் இருமல் கேட்டால் இந்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காய்ச்சலை யார் யாரிடமிருந்து வாங்கிக்கொண்டோம் என்று ஊரே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம். சந்தேகத்தில் நான் ஒன்றும் ஊரை விட மோசமில்லை.

கிளினிக் வாசலில் விடியும் முன்பே தாய்மார்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களுக்கும் சந்தேகம்தான். மருந்துத் தண்ணீர் நேற்று சிவப்பாக இருந்ததே, இன்றைக்கு ஏன் வெளுத்திருக்கிறது என்பார்கள். ஒருத்தி, "நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க டாக்டர், அப்புறம் எம்புள்ளைக்குக் குடுக்கிறேன்" என்றாளாம். இவர் குடித்துக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான், பிறகு வந்தவர்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் ஊர்ப் பிள்ளைகளின் மருந்தையெல்லாம் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு வந்து, சோறு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளிவைப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து கொடுத்த பிள்ளையை மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவரச் சொல்வார். கொண்டுவராவிட்டால் தானே வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். யாரும் கூப்பிட வேண்டாம், காசும் வாங்கமாட்டார். வாசலில் நின்று பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவார். சாதாரண நாளில் அது சரி. காய்ச்சல் காலத்தில் யாரால் முடியும்? இவர் விடவில்லை. பத்து பெரெண்டாம், செமாபோக் என்று ஊர் ஊராகக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அப்படிப் போய்விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஒண்ணு போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். கைக்குழந்தை. எப்படி என்று நான் கேட்கவில்லை. டாக்டர் என்றால் அப்படி ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும், அதெல்லாம் அவர்களுக்குப் பழகியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான்.

அப்புறம்தான் சாம்பிராணி வந்தது. அன்றையிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். மகனைத் தொடவில்லை. அவன் அறைக்குள் வந்தால் எழுந்து போய்விடுவார். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுங்கிக்கொண்டார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி வெடித்திருந்தது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பார். ஆனால் காலையில் அதே நேரத்துக்குச் சட்டை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

பெண்டாட்டி பிள்ளையைத் தொடாத ஆண்பிள்ளை, வேளாவேளைக்குக் குளிக்கிறவன், சட்டையில் வேற்று வீட்டு வாசம். இதைக் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்? எனக்கும் அதே விடைதான் வந்தது. எவளோ ஒருத்தி இருக்கிறாள். பக்தியான வீட்டுக்காரி. சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி போடுகிறவள். இந்தக் குடும்பம் என் கையை விட்டுப் போகப்போகிறது. நான் அவர் பாக்கெட்டைத் துழாவினேன், காலரைத் திருப்பிப் பார்த்தேன், கார் சீட்டில் நீள முடி கிடக்கிறதா என்று தேடினேன். கிடைத்ததெல்லாம் என் முடிதான்.

ஆகஸ்ட் மாதம் பிறந்து, கடைவாசல்களில் கொடித் தோரணம் ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் மகனை எதிர்வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினேன். சோறு ஒரு சாக்கு. அங்கே போனால் பலகைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் பேச்சாவை, அந்தக் கால சைக்கிள் ரிக்ஷாவை, நிறுத்தியிருந்த தமிழ்க்காரர் ஒருவர், ஊரில் எல்லாரையும் தெரிந்த ஆள், சீட்டை விட்டு இறங்கி வந்தார்.

"டாக்டரம்மா தானே? இங்க எங்கம்மா வந்தீங்க? கடை சாத்தி எவ்வளவு நாளாச்சு!"

"என்னது?"

"உங்களுக்குத் தெரியாதா? டாக்டருக்கு ஒடம்பு சரியில்லன்னு அட்டை மாட்டிட்டு, மருந்து கட்டுற தம்பியையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஆனா அவரு காரு மட்டும் பண்டார் ஹிலிர் பாடாங்கு பக்கம் தெனமும் நிக்குது. நான்தான் பாக்கிறேனே."

"யார் கூட?" என்றேன். கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஏறுங்கம்மா" என்றார்.

அப்போது பண்டார் ஹிலிர் பாடாங் என்கிற திடலுக்கு அந்தப் பக்கமே கடல். கரையோரம் மரத்தடியில் எங்கள் கார் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அவர் மட்டும். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் தூரத்தில் பேச்சாவை நிறுத்தச் சொல்லி, முக்காடு போட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் உச்சிக்கு ஏறியது. எவளும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒருத்தி வந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? நாளைக்கு வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போன சற்று நேரத்தில் அவள் வந்தாள், என் வீட்டுக்கே.

இடுப்பில் சாரோங், மேலே பூப்போட்ட கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு கூடை. பார்த்ததுமே காஜா பேராங்கில் சிட்டிகள் குடியிருக்கிற சிட்டி கம்பத்துப் பெண் என்று தெரிந்தது. சிட்டிகள் எங்கள் ஊருக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர்கள். எப்போதோ கடல் தாண்டி வந்த தமிழ் வியாபாரிகளும் இந்த மண்ணின் பெண்களும் கலந்த வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேச்சு மலாய். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அழகாக வேறு இருந்தாள். கிட்டே வந்ததும் அவள் கெபாயாவிலிருந்து அந்த வாசம் அடித்தது. சாம்பிராணி.

"டோக்டோர் அடா?" என்றாள். டாக்டர் இருக்கிறாரா என்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் மலாய் பசாரில் மீன் வாங்குகிற மலாய். அதை வைத்துக்கொண்டே, "உனக்கும் என் புருஷனுக்கும் என்ன?" என்று கேட்டேன். மீன்காரனிடம் பேரம் பேசுகிற குரலில்தான் கேட்டிருப்பேன். அவள் திடுக்கிட்டாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அதைத்தான் கேட்க வந்தேன். உன் புருஷன் என்கிட்ட எதை மறைக்கிறார்?" என்றாள்.

இரண்டு பேரும் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் பேசினாள். அவள் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரே பெண் குழந்தை. நாலு வயது. டுரியான் பழக்காலம் தொடங்கின சமயத்தில் கடுமையான காய்ச்சல் கண்டு இவரிடம் தூக்கி வந்திருக்கிறாள். மருந்து கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டில் விசேஷம், அதனால் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோகவில்லை. அன்றைக்கு டாக்டர் தானே வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி ஓடிவிட்டார்.

"ஓடிவிட்டார்" என்று மறுபடியும் சொன்னாள். "என் பிள்ளைக்கு ஏதோ பெரிய வியாதி. அது அவருக்குத் தெரியும். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் ஓடினார். பிறகு கிளினிக்கையும் சாத்திவிட்டார். அன்றையிலிருந்து அவள் தூங்கினால் மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நாள் இப்படி உட்காருவது? எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

"அன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"பார்ச்சு" என்றாள். பழக்காலத்தில் செத்துப்போன பெரியவர்களை நினைத்து வாழையிலை போட்டு, டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் படைப்பார்களாம். சாம்பிராணி போட்டுவிட்டு, இறங்கி வந்த அந்தப் பெரியவர்கள் சாப்பிடட்டும் என்று யாரும் பேசாமல் ஒதுங்கி நிற்பார்களாம். அவள் மாமனாரின் தங்கை ஒருத்தி அறுபது வருஷத்துக்கு முன்னால் பால்குடி வயதிலேயே இறந்துபோனவள். அவளுக்கென்று அவர்கள் வீட்டில் ஒரு சின்ன இலை போட்டு, ஒரு கிண்ணம் பால் வைப்பது வழக்கம்.

"உன் பெண் அப்போது எங்கே?"

"புகைக்கு இருமுவாள் என்று அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நெற்றியில் திருநீறு இட்டவர்கள் வீடு. மூன்றாம் நாள். வாய் திறக்காமல் நிற்கிற ஜனம், சாம்பிராணிப் புகை, பிள்ளையைக் காணோம், ஒரு சின்ன இலை, அதில் பால். நம் ஆள் எவன் பார்த்தாலும் ஒன்றைத்தானே நினைப்பான்? நம்மில் பிள்ளை போன வீட்டில்தான் மூன்றாம் நாள் அப்படிப் பால் வைப்போம். மருந்து கொடுத்த அன்றைக்கே பிள்ளை போயிருந்தால் நாள் கணக்கும் சரியாக வரும். பேச்சு வேறாக இருந்தாலும் நம் வழக்கம்தான் அவர்களுக்கும் என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவளை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பேச்சாவைப் பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். கார்க் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"அந்தச் சிட்டி வீட்டுப் பிள்ளை உயிரோட இருக்கு" என்றேன்.

"யார் சொல்லச் சொன்னா உன்னை?"

"அதோட அம்மாவே வந்து சொல்லிட்டுப் போறா."

"நான் கண்ணால பார்த்தேன். பால் வச்சிருந்தாங்க."

"அது வேற யாருக்கோ வச்ச பால்! செத்து அறுபது வருஷம் ஆன பிள்ளைக்கு!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது. "என்னைச் சமாதானப்படுத்த நல்ல கதை கட்டுறே" என்றார். "முதல்ல அந்தக் கைக்குழந்தை. அப்புறம் இது. ரெண்டும் என் கை பட்டதுதான். மருந்து அளவு தப்பா, காய்ச்சலை நானே வீடு வீடாத் தூக்கிட்டுப் போறேனா, எனக்கே தெரியல. என் கையை நான் நம்பல. நம்ம பையனைத் தொட எனக்குப் பயமா இருக்கு."

நான் அங்கேயே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரக்கத்தில் இல்லை, கோபத்தில். இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குள், இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் சட்டையை மோந்துகொண்டு இருந்திருக்கிறேன். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?" என்று திட்டினேன். பெண்டாட்டியிடம் சொன்னால் பெண்டாட்டி பயப்படுவாளாம். பயம் எனக்கு ஒன்றும் புதுசு இல்லை, அந்தப் பயம் எனக்கு வேறு ரூபத்தில் வந்து தினமும் உட்கார்ந்திருந்தது. அதையும் சொன்னேன். எவளையோ தேடிக்கொண்டிருந்தேன் என்று. அதைக் கேட்டு அவர் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வண்டியை எடுங்க" என்றேன். எடுத்தார்.

சிட்டி கம்பத்தில் அந்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. தாய் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை கொழுக் மொழுக்கென்று, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. இவர் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"இது அந்தப் பிள்ளை இல்லை" என்றார் என்னிடம் தமிழில். "தங்கச்சியா இருக்கும். அக்கா பொண்ணா இருக்கும். எனக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க."

"ஒரே பிள்ளைன்னு சொன்னாளே!"

"சொல்லுவாங்க."

நான் என்ன செய்வேன்? தாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் தெரியும். "என்ன சொல்கிறார்? என்ன மறைக்கிறார்?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். ஒருவரை ஒருவர் நம்பாத ரெண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப எப்படித்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்?" என்று அவரைக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுல ஒரு சின்னச் சத்தம் இருந்துச்சு. இதயம் துடிக்கிறப்ப கூடவே ஒரு இரைச்சல். கெடுதல் இல்லை, வளர வளரத் தானாப் போயிடும். அதனால தாய்கிட்டகூட நான் சொல்லலை. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது."

"அப்ப கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டுமானால் தொட வேண்டும். அது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. காருக்குப் போய்ப் பையை எடுத்து வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வெளியே எடுத்தார். பிள்ளைகளுக்குச் சில்லென்று இருக்கக்கூடாது என்று அதன் முகத்தை எப்போதும் தன் மணிக்கட்டில் தேய்த்துச் சூடாக்குவார். அன்றைக்கும் தேய்த்தார். புண்ணான கையில் அது பட்டு எரிந்திருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை. பிள்ளைக்கே பொறுக்கவில்லை. வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கிட்டே போய், கவுனைக் கழுத்துவரை தூக்கிக்காட்டி நின்றது. எப்படி நிற்க வேண்டும் என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இவதான்" என்றார்.

தாய்க்கு அந்த ஒரு வார்த்தை எப்படிப் பட்டதோ, "சாவாளா?" என்று கத்தினாள். அவர் அவளைப் பார்த்து மலாயில் மெதுவாக, "சாகமாட்டாள். இவள் இறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் ஓடினேன்" என்றார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. திட்டி முடித்துவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பார்ச்சு அன்று வீடு தேடி வந்தவர் சாப்பிடாமல் போகக்கூடாதாம், அது அவள் மனசை அன்றையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்ததாம். மங்குஸ்தீனை உடைத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டிலிருந்து மகனை வாங்கி அவர் மடியில் வைத்தேன். அவர் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அவனாகவே அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்து விளையாடினான். பிடித்துக்கொள்ள இன்னும் சில நாள் ஆனது. சுதந்திர நாளன்று கூட்டத்தில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்.

கிளினிக்கைத் திறந்தார். காய்ச்சல் அடங்கியது. சந்தேகம் மட்டும் அவரை விட்டு முழுசாகப் போகவில்லை. மூன்றாம் நாள் பார்வைக்கு அதன் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வாசலில் கார் நிற்கும். "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்பார். நான் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, "விளையாடுது" என்றோ, "தூங்குது" என்றோ, "உங்களைக் கேட்டு அழுவுது" என்றோ சொல்வேன். அதற்குப் பிறகுதான் இறங்கி வருவார். ஊரில் சிரித்தார்கள். டாக்டருக்குப் பெண்டாட்டி முன்னோட்டம் பார்க்கிறாள் என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பல வருஷங்கள் கழித்து, செமாபோக்கில் ஒரு வீட்டு வாசலில் நான் வெளியே வந்து எதுவும் சொல்லாமல் நின்றேன். அவர் காருக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிவிடுவார் என்று நினைத்தேன். சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய், அந்தத் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.